510510: முதல் ஏழு பகா எண்களும் ஒன்றாகக் கூடிய எண்

ஆறு இலக்க எண்கள் மொத்தம் ஒன்பது லட்சம். 100000-ல் ஆரம்பித்து 999999 வரைக்கும். அதில் ஒரே ஒரு எண்ணை நீ வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் யோசிக்காமல் 510510-ஐ எடுத்துக்கொள்வேன். மேலோட்டமாகப் பார்த்தால் 510-ஐ இரண்டு தடவை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 2, 3, 5, 7, 11, 13, 17 என்று பகா எண்களை முதலில் இருந்து ஒன்றுகூட விடாமல் பெருக்கிக்கொண்டே வந்து பாருங்கள். 2, 6, 30, 210, 2310, 30030 என்று ஏறி, கடைசியில் 17-ஆல் பெருக்கும்போது 510510-ல் வந்து நிற்கும். முதல் ஏழு பகா எண்களும் அதற்குள் இருக்கின்றன. எதுவும் இரண்டு தடவை வரவில்லை, வேறு எதுவும் கலக்கவில்லை.

பள்ளிக்கூடக் கணக்கு மறந்துபோனவர்களுக்காக ஒரு வரி: ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண்தான் பகா எண். ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்துவிடலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும். இது தெரிந்தால் போதும், இந்தக் கட்டுரை முழுக்கப் படித்துவிடலாம்.

ஆறு இலக்க எண்கள் மேல் எனக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பிடிப்பு என்றால், ஊர்தான் காரணம். செங்கோட்டையில் இருக்கிறவனுக்கு ஆறு இலக்க எண் என்றாலே கேரளா லாட்டரிதான். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். கேரளத்தில் 1967-லேயே அரசாங்கம் லாட்டரித் துறை ஆரம்பித்து இன்றைக்கும் நடத்துகிறது. புளியரை தாண்டி, எஸ் வளைவில் பஸ் முக்கி ஏறி, கோட்டைவாசலைக் கடந்து ஆரியங்காவுக்குள் நுழைந்தால் ரோட்டோரமாக ஸ்டாண்டு போட்டுச் சீட்டுகளை வரிசையாகக் கிளிப் மாட்டி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சீட்டிலும் சீரியலுக்கு எழுத்து, அதற்குப் பக்கத்தில் ஆறு இலக்கம். நம்ம பக்கத்து ஆட்கள் போய் நின்றதும் முதலில் பார்ப்பது கடைசி நாலு இலக்கத்தைத்தான், ஏனென்றால் சின்னப் பரிசுகள் அந்தக் கடைசி நாலுக்குத்தான் விழும். நான் சீட்டு எடுக்கிறதில்லை. ஆனால் புனலூர் பஸ்ஸுக்காக அங்கே நிற்கிற நேரமெல்லாம் அந்தச் சீட்டுகளில் உள்ள எண்களைப் பிரித்துக்கொண்டுதான் நிற்பேன். இது மூன்றால் போகுமா, இதில் பதினொன்று இருக்கா, இது பகா எண்ணாக இருக்குமோ என்று.

ஒரு நாள் அப்படி நின்றபோது ஸ்டாண்டில் இருந்த அக்கா ஒரு சீட்டைத் தனியாக எடுத்துக் காட்டினார். கேரளத்துப் பக்கமே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. சீட்டில் 437437 என்று இருந்தது.

“சார், ஃபேன்சி நம்பரு பாருங்க. வழக்கமா எடுக்கிற லாரிக்கார அண்ணாச்சி ஒருத்தருக்காக எடுத்து வச்சிருக்கேன். இல்லன்னா காலையிலயே போயிருக்கும்.”

பக்கத்தில் அவருடைய பையன் உட்கார்ந்திருந்தான், ஒன்பதாம் வகுப்பு. அவனிடம் சொன்னேன்: “தம்பி, இந்த நம்பர் 7-ஆல மீதியில்லாம போகும். 11-ஆலயும் போகும். 13-ஆலயும் போகும். வேணும்னா போட்டுப் பாரு.” அவன் நம்பவில்லை. முந்தின நாள் ரிசல்ட் தாளைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தான். 437437-ஐ 7-ஆல் வகுத்தால் 62491. மீதி இல்லை. அதை 11-ஆல் வகுத்தால் 5681. மீதி இல்லை. அதை 13-ஆல் வகுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் போட்டான். 437 வந்தது. பேனாவை அப்படியே வைத்துவிட்டு அந்த 437-ஐயும் சீட்டில் இருந்த 437437-ஐயும் மாறி மாறிப் பார்த்தான்.

“அதே நம்பர் திரும்பி வந்துருச்சே சார்!”

வரத்தான் செய்யும். 437437 என்பது 437 ஆயிரமும் இன்னொரு 437-ம். அதாவது 437-ஐ 1001-ஆல் பெருக்கியது. அந்த 1001 இருக்கிறதே, அது 7 × 11 × 13. ஆகையால் எந்த மூன்று இலக்க எண்ணை எடுத்து இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதினாலும் அதற்குள் 7-ம் 11-ம் 13-ம் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். ஏழு, பதினொன்று, பதிமூன்று மூன்றுமே வகுத்துப் பார்க்கச் சிரமமான எண்கள். பிள்ளைகள் பயப்படுகிற வாய்ப்பாடுகளும் இவைதான். அவை மூன்றும் ஆயிரத்து ஒன்றுக்குள் சேர்ந்து இருப்பதை முதன்முதலாகத் தெரிந்துகொள்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

பையன் அத்தோடு விடவில்லை. “அப்போ 437-க்குள்ள என்ன சார் இருக்கு?” என்றான். 19 × 23 என்றேன். விரலை மடக்கினான்: 7, 11, 13, 19, 23. அஞ்சு. “இதவிட நெறைய பகா எண் உள்ள நம்பர் இருக்கா?” என்று அடுத்த கேள்வி. பஸ் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம், தென்மலை போய்ச் சேர்வதற்குள் மனக்கணக்கிலேயே முக்கால்வாசி போட்டுவிடலாம். கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலம் தெரியும்போது நான் ஐந்து எண்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

வழி இதுதான். இரட்டித்து எழுதிய எண்ணில் 7, 11, 13 இலவசமாகக் கிடைத்துவிட்டன. மிச்சம் மூன்று இலக்கத்துக்குள் எத்தனை வேறு பகா எண்களை அடைக்க முடியும்? ரொம்பச் சின்ன மூன்றை எடுத்தால் 2 × 3 × 5, முப்பது. அதோடு இன்னும் ஒன்று சேர்க்கலாம்: 17 சேர்த்தால் 510, 19 சேர்த்தால் 570, 23 சேர்த்தால் 690, 29 சேர்த்தால் 870, 31 சேர்த்தால் 930. அடுத்த பகா எண் 37-ஐச் சேர்த்தால் 1110 ஆகி நாலு இலக்கத்துக்குத் தாண்டிவிடும். ஆக 510510, 570570, 690690, 870870, 930930 ஆகிய ஐந்துக்கும் ஆளுக்கு ஏழு வேறு வேறு பகாக் காரணிகள். இரட்டித்து எழுதாத எண்களில் ஏழு பகாக் காரணி உள்ளவை இருக்கின்றனவா என்று அப்புறம் வீட்டில் உட்கார்ந்து தேடினேன். மூன்று இருக்கின்றன: 746130, 881790, 903210. அவ்வளவுதான். ஒன்பது லட்சம் எண்களில் ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள் கொண்டவை வெறும் எட்டே எட்டு. எட்டுப் பகாக் காரணி உள்ளது ஒன்றுகூடக் கிடையாது, ஏனென்றால் அப்படிப்பட்ட எண்களில் மிகச் சிறியது 510510-ஐ 19-ஆல் பெருக்கிய 9699690. அது ஏழு இலக்கம்.

எட்டே எட்டு என்பது எவ்வளவு குறைவு என்று புரிய வேண்டுமானால் இதைப் பாருங்கள். ஆறு இலக்கப் பகா எண்கள் மட்டும் 68,906 இருக்கின்றன. பதிமூன்று சீட்டுக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில் பகா எண் வரும். பகா எண் அபூர்வம், காரணிகள் நிறைய உள்ள எண் சாதாரணம் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். வாய்ப்பாட்டுப் புத்தகத்தில் 12, 24, 36, 60 என்று வகுக்க வசதியான எண்களையே பார்த்துப் பழகியதால் வந்த நினைப்பு இது. உண்மை நேர் எதிர். எதுவோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிற எண் தெருவுக்குத் தெரு கிடைக்கும். எல்லாரையும் சேர்த்துக்கொள்கிற எண்தான் கிடைக்காது.

இதை நூறு வருஷத்துக்கு முன்பே சரியாகக் கவனித்து நிரூபித்தவர்களில் ஒருவர் நம்ம ஈரோட்டில் பிறந்த ராமானுஜன். 1917-ல் அவரும் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டியும் சேர்ந்து, ஓர் எண்ணுக்குச் சாதாரணமாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தொடக்கத்தில் அவர்கள் சொல்வது எனக்கு மிகவும் பிடித்தது. சின்னச் சின்னக் காரணிகள் நிறைய உள்ள எண்கள் ரொம்ப அபூர்வம், ஓய்வாக இருக்கிற நேரத்தில் கண்ணில் படுகிற வாடகைக் கார் எண்ணையும் ரயில் பெட்டி எண்ணையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர் யாரும் இதைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பிறகு ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள்: எண்களில் பாதி இரண்டால் வகுபடும், மூன்றில் ஒரு பங்கு மூன்றால் வகுபடும், அப்படியிருக்க எல்லா எண்ணுக்கும் காரணிகள் நிறையத்தானே இருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. பதில்தான் எதிர்பாராதது. எண் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் அதன் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு மெதுவாக வளர்கிறது. எண்ணின் இயல் மடக்கையை (e-ஐ அடிமானமாகக் கொண்ட லாகரிதம்) எடுத்து, அந்த மடக்கைக்கு மறுபடி ஒரு மடக்கை எடுத்தால் வருகிறதே, சுமாராக அவ்வளவுதான். பத்து லட்சம் வரையுள்ள எண்களுக்குச் சராசரி மூன்றைக்கூடத் தொடாது. ஒன்றுக்குப் பின்னால் எண்பது பூஜ்யம் போட்டால் வருகிற அளவுள்ள பிரம்மாண்டமான எண்களை எடுத்தாலும் சாதாரணமாக ஐந்தோ ஆறோதான் இருக்கும்.

எண்பது பூஜ்யத்துக்கு ஐந்தாறு. நம்ம 510510-க்கு ஆறே இலக்கத்தில் ஏழு. நான் இந்த எண்ணைக் கொண்டாடுவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

1939-ல் பால் எர்டிஷ், மார்க் காட்ஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பகாக் காரணிகளின் எண்ணிக்கை அந்தச் சராசரியைச் சுற்றி எப்படிப் பரவுகிறது என்று பார்த்தால், பரீட்சை மதிப்பெண்களை வரைந்தால் வருகிற அதே மணி வடிவ வளைகோடு வருகிறது என்று காட்டினார்கள். எர்டிஷ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். லாட்டரியில் 510510-க்கும் 510511-க்கும் விழுகிற வாய்ப்பு ஒன்றேதான். ஃபேன்சி நம்பர் என்று எடுத்து வைப்பது, கனவில் வந்த நம்பர், வண்டி நம்பர், பிறந்த தேதி என்று தேடிப் பிடிப்பது எதற்குமே அந்தக் குலுக்கலில் இடம் கிடையாது. அன்றாடக் கூலியில் பாதியைக் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் போட்டுவிட்டு வருகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் படுகிற பாடும் எனக்குத் தெரியும். நான் இந்த எண்ணின் அழகைப் பேசுவதால் யாராவது இதைத் தேடி வாங்கக் கிளம்பினால் அது எனக்கு வருத்தம்தான். இந்த எண்ணிடம் இருக்கிற சொத்து எல்லாமே இலவசம். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

சரி, அந்தச் சொத்துக்கு வருகிறேன்.

ஏழு வேறு பகா எண்கள் என்பதால் 510510-ன் காரணிகளை எண்ணுவது சுலபம். ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம், விடலாம், இரண்டே வழி. ஏழுக்கும் இரண்டிரண்டு வழி என்றால் 128 காரணிகள். (காரணிகளின் எண்ணிக்கைதான் பெருமை என்றால் 720720-ஐச் சொல்ல வேண்டும், அதற்கு 240 காரணிகள். ஒன்று முதல் பதினாறு வரை எல்லா எண்ணாலும் வகுபடும் மிகச் சிறிய எண் அது. ஆனால் அதற்குள் இரண்டு நாலு தடவையும் மூன்று இரண்டு தடவையும் வருகின்றன. யாரும் திரும்ப வராத 510510-தான் என் மனசுக்கு நெருக்கம்.) அந்த 128-ஐ ஜோடி ஜோடியாகப் பிரித்தால் 64 ஜோடி. ஒவ்வொரு ஜோடியைப் பெருக்கினாலும் 510510. ஏழு பகா எண்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கிற 64 விதங்கள் என்று இதை வைத்துக்கொள்ளலாம். அந்த 64-ல் ஒரு பிரிவினையை மட்டும் பாருங்கள்: ஒரு பக்கம் 2, 3, 7, 17. இன்னொரு பக்கம் 5, 11, 13. முதல் பக்கத்தைப் பெருக்கினால் 714. இரண்டாம் பக்கத்தைப் பெருக்கினால் 715.

அடுத்தடுத்த இரண்டு எண்கள். 714 × 715 = 510510. நடுவில் ஒரு எண்கூட இல்லை.

இதோடு முடியவில்லை. பெருக்காமல் கூட்டிப் பாருங்கள். 2 + 3 + 7 + 17 = 29. 5 + 11 + 13 = 29. பெருக்கினால் ஒன்று வித்தியாசம், கூட்டினால் வித்தியாசமே இல்லை. முதன்முதலாக இதைப் பார்த்தபோது நான் திரும்பத் திரும்பக் கூட்டினேன். இதற்குப் பின்னால் பெரிய தேற்றம் எதுவும் கிடையாது, எண்கள் அப்படி விழுந்திருக்கின்றன.

இந்த ஜோடிக்கு உலகப் புகழ் கிடைத்தது கணக்கால் இல்லை, விளையாட்டால். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் பேப் ரூத் என்பவர் வாழ்நாளில் 714 ஹோம் ரன் அடித்து வைத்திருந்தார். அந்தச் சாதனை 1935-ல் இருந்து அப்படியே நின்றது. 1974 ஏப்ரல் 8 அன்று ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் தன்னுடைய 715-ஆவதை அடித்து அதை முறியடித்தார். கறுப்பினத்தவர் ஒருவர் ரூத்தின் சாதனையைத் தாண்டக் கூடாது என்று அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள்கூட வந்துகொண்டிருந்த காலம் அது. நாடே 714, 715 என்று பேசிக்கொண்டிருந்தபோது அதே ஜார்ஜியா மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் பொமரன்ஸ் என்ற இளம் கணித ஆசிரியரும் சகாக்களும் இந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் முதல் ஏழு பகா எண்களின் பெருக்கல் வருவதையும், காரணிகளின் கூட்டுத்தொகை சமமாக இருப்பதையும் கவனித்து ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினார்கள். பகாக் காரணிகளின் கூட்டுத்தொகை சமமாக உள்ள அடுத்தடுத்த எண்களுக்கு அப்போதிருந்து ரூத்–ஆரன் ஜோடி என்றே பெயர். 77, 78 இன்னொரு ஜோடி: 7 + 11 = 18, 2 + 3 + 13 = 18.

அந்தக் கட்டுரையில், இப்படிப்பட்ட ஜோடிகள் எண் வரிசையில் போகப் போக அரிதாகிக்கொண்டே போகும் என்று ஓர் ஊகம் இருந்தது. அதை எப்படி நிரூபிப்பது என்று தனக்குத் தெரியும் என்று சொல்லிப் பொமரன்ஸைத் தொடர்புகொண்டவர் வேறு யாருமில்லை, எர்டிஷ். அப்போதே உலகமெங்கும் பேர் வாங்கிய பெரிய ஆள். விளையாட்டாக எழுதிய ஒரு கட்டுரையைப் படித்து முன்பின் தெரியாத ஓர் இளைஞனைத் தேடி அவர் வந்தார், இருவரும் சேர்ந்து 1978-ல் அதை நிரூபித்து எழுதினார்கள், அதற்குப் பிறகு எர்டிஷ் காலம் முடியும் வரைக்கும் அந்தக் கூட்டு தொடர்ந்தது. 1995-ல் எமரி பல்கலைக்கழகம் ஆரனுக்கும் எர்டிஷுக்கும் ஒரே விழாவில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அங்கே இருவரும் ஒரே பேஸ்பால் பந்தில் கையெழுத்துப் போட்டுப் பொமரன்ஸுக்குக் கொடுத்தார்கள். ஒரு பெருக்கல் கணக்கு எவ்வளவு தூரம் மனிதர்களைச் சேர்த்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஃபிபனாச்சி வரிசை பலருக்கும் தெரிந்திருக்கும்: முந்தின இரண்டைக் கூட்டினால் அடுத்தது. 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று போகும். அதில் 13, 21, 34, 55 ஆகிய நாலும் அடுத்தடுத்து வருபவை. அந்த நாலையும் பெருக்குங்கள். 13 × 21 = 273. 34 × 55 = 1870. இரண்டையும் பெருக்கினால் 510510. மறுபடியும் அதே எண்! 13 தனி ஆள், 21-க்குள் 3-ம் 7-ம், 34-க்குள் 2-ம் 17-ம், 55-க்குள் 5-ம் 11-ம். ஏழு பேரும் வந்துவிட்டார்கள், யாரும் இரண்டு இடத்தில் இல்லை.

இன்னும் ஒன்று. 1 + 2 + 3 என்று 714 வரைக்கும் கூட்டினால் என்ன வரும்? கடைசி எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். 714 × 715-ல் பாதி, 255255. இதுவும் லாட்டரி ஸ்டாண்டில் ஃபேன்சி நம்பர் என்று தனியாக எடுத்து வைக்கிற எண்தான்.

மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) பாடத்தை நான் எப்போதும் நாள் கணக்கு வைத்துத்தான் சொல்லித்தருவேன். ஏழு சக்கரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டு நாளில் ஒரு சுற்று முடிக்கும், ஒன்று மூன்று நாளில், மற்றவை ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று, பதினேழு நாளில். எல்லாம் ஒரே நாளில் ஒன்றாகக் கிளம்புகின்றன. மறுபடி ஏழும் ஒரே நேரத்தில் தொடங்கின இடத்துக்கு என்றைக்கு வரும்? சரியாக 510510-ஆவது நாள், அதற்கு முன்னால் ஒருபோதும் வராது. 510510 நாள் என்பது 1397 வருஷமும் எட்டு மாதமும் சுமாராக. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு (கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்த ஊர் என்பதால் எங்கள் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும், பிள்ளைகளுக்கும் அது பழக்கம். அதனால் இப்படிக் கேட்பேன்: கொல்லம் ஆண்டு ஒன்று, ஆவணி முதல் தேதி, அதாவது கி.பி. 825-ல் அந்தச் சக்கரங்கள் கிளம்பியிருந்தால் எப்போது சேரும்? கொல்லம் 1398, சித்திரை வாக்கில். ஆங்கிலக் கணக்கில் 2223. கொல்லம் ஆண்டு பிறந்து இத்தனை நூற்றாண்டு ஆகியும், இரண்டிலிருந்து பதினேழு வரைக்குமான ஏழே ஏழு சின்ன எண்கள் இன்னும் ஒருமுறைகூட ஒன்றாகக் கூடவில்லை என்று சொன்னால் வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

அந்த 510510 நாளில் ஏழு சக்கரத்தில் ஒன்றுகூடத் தன் ஆரம்ப இடத்தில் இல்லாத நாட்கள் எத்தனை? அதற்கும் சுலபமாகக் கணக்கு உண்டு: ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும். 1 × 2 × 4 × 6 × 10 × 12 × 16 = 92160. நூற்றுக்கு 18 நாள்தான். இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை. 17-க்கு மேற்பட்ட பகா எண் எதுவானாலும் அந்த நூற்றுக்குப் பதினெட்டு இடங்களில்தான் இருக்க முடியும், மிச்சம் எண்பத்திரண்டு இடங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். பெரிய பகா எண் பட்டியல் தயாரிக்கிற கம்ப்யூட்டர் நிரல்கள் இந்த உத்தியைப் பயன்படுத்துகின்றன. 30 அல்லது 210 மாதிரி ஒரு சின்னச் சுற்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் பார்க்க வேண்டிய இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போகும். பகா எண்களின் மடங்குகளை ஒவ்வொன்றாக அடித்து நீக்குகிற எரடோஸ்தனிஸின் சல்லடையில் முதல் சில சலிப்பை ஒரே தடவையில் முடித்துவிட்டது போல.

பக்கத்து எண் 510511 பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நிறையப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று யூக்ளிட் நிரூபித்த வழி பாடப் புத்தகத்தில் வருகிறது: தெரிந்த பகா எண்களை எல்லாம் பெருக்கி ஒன்று கூட்டு, வருகிற எண் அவற்றில் எதாலும் வகுபடாது, ஆகவே புதிதாக ஒரு பகா எண் இருந்தே ஆக வேண்டும். இதைப் படித்துவிட்டு, ஒன்று கூட்டினால் வருகிற எண்ணே பகா எண் என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் அது உண்மை மாதிரியே தெரியும்: 3, 7, 31, 211, 2311 எல்லாமே பகா எண்கள்தான். ஆறாவதில் உடைந்துவிடும், 30031 = 59 × 509. ஏழாவதில் 510511 = 19 × 97 × 277. யூக்ளிட் சொன்னதில் இதனால் எந்தக் குறையும் இல்லை. 19, 97, 277 மூன்றுமே நம்முடைய ஏழுக்கு வெளியே இருந்து வந்த புதிய பகா எண்கள்தான், அவர் வாக்குக் கொடுத்தது அதைத்தான்.

கடைசியாக, இன்னும் தீராத ஒரு கணக்கு. முதல் சில பகா எண்களைப் பெருக்கி வருகிற எண்கள் அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கலாக எப்போதெல்லாம் இருக்கின்றன? 2 = 1 × 2. 6 = 2 × 3. 30 = 5 × 6. 210 = 14 × 15. நாலும் பொருந்துவதைப் பார்த்து, எல்லாம் இப்படித்தான் போகும் போல என்று தோன்றும். அடுத்த 2310 பொருந்தாது, 47 × 48-க்கும் 48 × 49-க்கும் நடுவில் விழுகிறது. 30030-ம் பொருந்தாது. அப்புறம் திடீரென்று 510510 பொருந்துகிறது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. 714, 715-தான் கடைசி ஜோடியாக இருக்கும் என்று பொமரன்ஸும் சகாக்களும் 1974-லேயே ஊகித்தார்கள். கம்ப்யூட்டர்களை விட்டு வெகுதூரம் தேடியும் பார்த்தாயிற்று. நிரூபணம்தான் இன்னும் இல்லை. எண் பெரிதாக ஆக ஆக, அடுத்தடுத்த எண்களின் பெருக்கல்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிப் போவதால் தற்செயலாகப் பொருந்துகிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது, இனிமேல் வராது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது நிரூபணம் ஆகாது.

சோதித்துப் பார்க்கச் சுருக்கு வழி ஒன்று உண்டு. எண்ணை நாலால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். வருவது ஒரு முழு வர்க்கம் என்றால் பொருந்தும், இல்லையென்றால் பொருந்தாது. 510510-க்கு 2042041 வருகிறது, அது 1429-ன் வர்க்கம், 1429 என்பது 714-ம் 715-ம் கூட்டியது. 19-ஐச் சேர்த்தால் வருகிற 9699690-க்கு 38798761. அது 6228-ன் வர்க்கத்துக்கும் 6229-ன் வர்க்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. 23-ஐச் சேர்த்து 223092870, அதுவும் இல்லை. 29-ஐச் சேர்த்து 6469693230, அதுவும் இல்லை. 31-ல் இருந்து நீங்கள் போட்டுப் பார்க்கலாம்.